நாட்டுக்கு ஓட்டு உண்டு, கல்லூரிக்கு இல்லை! மாணவர் அரசியல் எங்கே போச்சு?

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தொட்ட தாத்தாவோ பாட்டியோ இருந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். '1965-ல நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?' ஊர்வலம், கறுப்புக்கொடி, இழுத்து மூடிய கல்லூரி, தடியடி என்று ஏதாவது ஒரு கதை நிச்சயம் வரும்.

அதே வீட்டில் கல்லூரிக்குப் போகும் பேரனிடமோ பேத்தியிடமோ இன்னொரு கேள்வி. 'உங்க காலேஜ்ல மாணவர் பேரவைத் தலைவர் யாரு? நீ யாருக்கு ஓட்டுப் போட்டே?' பெரும்பாலும் 'அப்படின்னா?' என்ற பதில்தான் வரும்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் அறுபது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு அரசியலே தெரியாது, எந்நேரமும் போன்தான்' என்று அந்த இடைவெளிக்கு நாம் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். உண்மையிலேயே போன்தான் காரணமா?

எட்டு மணி பஸ்

திருவண்ணாமலையை நமக்கெல்லாம் கிரிவலத்துக்காகவும் கார்த்திகை தீபத்துக்காகவும் தெரியும். பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால், பௌர்ணமி இல்லாத ஒரு சாதாரண திங்கட்கிழமை காலையில் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தால் வேறொரு கூட்டம் தெரியும். செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் என நாலாபக்கமிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து முதுகில் பையோடு இறங்கும் கல்லூரி மாணவர்கள்.

இந்த ஊர் அரசு கலைக் கல்லூரி, இன்றைய பெயரில் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி, 1966-ல் தொடங்கப்பட்டது. அதாவது, தமிழ்நாட்டையே உலுக்கிய மாணவர் போராட்டத்துக்கு அடுத்த ஆண்டு. அதன்பிறகு பொறியியல் கல்லூரிகள் வந்தன, மருத்துவக் கல்லூரி வந்தது. ஏர் பிடித்த குடும்பங்களிலிருந்தும் கல் உடைத்த குடும்பங்களிலிருந்தும் முதல் பட்டதாரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அரசியலுக்கும் இந்த ஊர் புதிதல்ல. 1957-ல் தி.மு.க முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, நாடாளுமன்றத்துக்கு இரண்டே பேரைத்தான் அனுப்ப முடிந்தது. ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி.சம்பத். இன்னொருவர் திருவண்ணாமலையில் வென்ற இரா.தர்மலிங்கம். பின்னாளில், விடிய விடிய நடந்த கலை இலக்கிய இரவுகளுக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. பாட்டு, நாடகம், பேச்சு என்று தெருவிலேயே அரசியல் படித்த ஒரு தலைமுறை இங்கே உண்டு.

அப்படிப்பட்ட ஊரில் இன்று 18 வயது நிரம்பிய ஒரு மாணவிக்கு நாட்டின் நாடாளுமன்றத்துக்கு ஓட்டு இருக்கிறது. சட்டமன்றத்துக்கு இருக்கிறது. ஊராட்சிக்கும் இருக்கிறது. தினமும் ஆறு மணி நேரம் இருக்கும் கல்லூரியில் மட்டும், பெரும்பாலும் இல்லை. திருவண்ணாமலை மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இதுதான் நிலைமை.

ஓட்டே இல்லாதவர்கள் செய்த அரசியல்

1965-ல் நிலைமை தலைகீழ். அந்த ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகப்போகிறது என்ற நிலையில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 25-ம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலம் மோதலில் முடிந்தது. ஜனவரி 27-ம் தேதி சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். போராட்டம் மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். கடைசியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி உறுதிமொழி தரவேண்டிவந்தது. 1967-ல் ஆட்சிமொழிச் சட்டமே திருத்தப்பட்டது.

அந்த ஆண்டுத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் பெருந்தலைவர் காமராஜரை 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தவர் பெ.சீனிவாசன். போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர். வைகோ, காளிமுத்து, துரைமுருகன், எல்.கணேசன் என்று பின்னாளில் தமிழக அரசியலில் புழங்கிய பல பெயர்கள் அந்தப் போராட்டக் களத்தில் முளைத்தவைதான்.

இதில் நாம் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. அப்போது ஓட்டுப்போடும் வயது 21. அது 18 ஆனது 61-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1989-ல்தான். அப்படியென்றால், 1965-ல் தெருவில் நின்ற மாணவர்களில் பெரும்பாலானோருக்கு ஓட்டே கிடையாது! ஓட்டு இல்லாத அவர்கள் ஓர் ஆட்சியின் அஸ்திவாரத்தை அசைத்தார்கள். ஓட்டு இருக்கும் இன்றைய மாணவர்கள் ஹாஸ்டல் சாப்பாடு பற்றிக் கேட்கவே யோசிக்கிறார்கள்.

வித்தியாசம் துணிச்சலில் இல்லை. அன்றைய மாணவர்களுக்குப் பேசிப் பழக ஓர் இடம் இருந்தது. கல்லூரிப் பேரவை, தேர்தல், விடுதிக் கூட்டம், பேச்சுப் போட்டி. நாலு பேரைச் சேர்ப்பது எப்படி, எதிர்க்கருத்து சொல்பவனைச் சமாளிப்பது எப்படி, முதல்வர் அறைக்குள் போய் கோரிக்கை மனு கொடுப்பது எப்படி என்று அவர்கள் கல்லூரியிலேயே பழகினார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் வெள்ளம் வந்தபோது நீந்தினார்கள். இன்று குளத்தையே மூடிவிட்டு, 'இவனுக்கு நீந்தத் தெரியலையே' என்கிறோம்.

குளத்தை மூடியது யார்?

ஒரே நாளில், ஒரே ஆள் மூடியதல்ல இது.

மாணவர்களால் ஆட்சிக்கு வந்தவர்களுக்கே மாணவர்கள் தலைவலியானதும் சீக்கிரமே நடந்தது. 1971-ல் முதல்வர் கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியதை மாணவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. உதயகுமார் என்ற மாணவர் இறந்துபோனார். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஆணையத்தின் முன் மாணவர் அமைப்பின் சார்பில் ஆஜரான இளைஞர்களில் ஒருவரை இன்று எல்லோருக்கும் தெரியும். 'ஜெய் பீம்' படத்தில் நாம் பார்த்த வழக்கறிஞரின் நிஜ உருவமான ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு. மாணவர் போராட்டத்தை முன்னின்று நடத்தியதால் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். மாணவர் அரசியல் கட்சித் தலைவர்களை மட்டும் உருவாக்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

அடுத்தது 1984. எம்.ஜி.ஆர் ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. லட்சக்கணக்கான வீடுகளில் இன்ஜினீயர் வந்தார். அது சாதாரண மாற்றமல்ல. இன்று தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ 47 சதவிகிதம் பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள். நாட்டின் சராசரி 28 சதவிகிதம் என்று 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொல்கிறது. ஆனால், நிலத்தை அடகுவைத்து, கல்விக்கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்கும் அப்பாவுக்கு, படிப்பு என்பது தவணை கட்டவேண்டிய ஒரு முதலீடு. அங்கே போராட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே வீட்டில் உலை கொதிக்காது.

பிறகு செமஸ்டர் முறை, 75 சதவிகித வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க். நூற்றுக்கு 25 மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது, அவரை எதிர்த்துக் கேள்வி கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அவரே அட்மின்!

நேரமும் இல்லை. ஷிப்ட் முறையில் நடக்கும் அரசுக் கல்லூரிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நாள் வேலை என்பது பல மாணவர்களின் வாழ்க்கை. ஜவுளிக்கடை, ஹோட்டல், மெடிக்கல் ஷாப், உணவு டெலிவரி. மாலையில் கூட்டம் என்றால் கடைசி பஸ் போய்விடும். கல்லூரிகளில் இன்று பெண்கள் ஏறத்தாழ சரிபாதி. அவர்களுக்கு விடுதி கேட் மூடும் நேரம் வேறு இருக்கிறது.

கேஸ் விழுந்தால் வேலை போகும்

இத்தனைக்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது. 'கேஸ் கீஸ் விழுந்துச்சுன்னா கவர்மென்ட் வேலை கிடைக்காது.' திருவண்ணாமலை மாதிரியான மாவட்டத்தில், போலீஸ் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி-க்கும் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அம்மாக்கள் சொல்லும் இந்த எச்சரிக்கை வெறும் பேச்சல்ல. காவலர் பணிக்கான விதிகளின்படி, குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே தேர்வானவரின் வேலை கைநழுவிப் போகலாம்.

2017-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்த மாணவி ஒருவர், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்து அவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பிறகு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால், மற்ற மாணவர்களுக்குப் போய்ச்சேர வேண்டிய செய்தி அதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே சட்டம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கே வந்தது. செய்யாறு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் போடப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு, முதலில் ஆறு பேர்மீதான உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் மாணவர்கள் அல்லதான். ஆனால், அப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் மாணவர்கள் காலையில் பஸ் ஏறுகிறார்கள். சொந்த நிலத்துக்காக உட்கார்ந்த அப்பாவுக்கே இந்தக் கதி என்றால், பிள்ளை என்ன பாடம் கற்றுக்கொள்வான்?

பொங்கியதும் உண்டு, அடங்கியதும் உண்டு

அப்படியென்றால் மாணவர்கள் மொத்தமாக அடங்கிப்போனார்களா? அதுவும் இல்லை.

2013 மார்ச் மாதம் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டு பேர் ஈழத் தமிழர்களுக்கு நீதி கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சில நாள்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது. மார்ச் 19-ம் தேதி தி.மு.க மத்தியக் கூட்டணியிலிருந்து வெளியேறியது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நடந்ததை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தெருவிளக்கை அணைத்தபோது கடற்கரை முழுக்க செல்போன் வெளிச்சம் எழுந்ததே! 'எந்நேரமும் போன்' என்று நாம் திட்டும் அதே போன். ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆனால், அதே ஜனவரி 23-ம் தேதி காலையில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. வழக்குகள் பாய்ந்தன. அவற்றைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது 2021 பிப்ரவரியில். நான்கு ஆண்டுகள்! ஒரு மாணவர் பட்டம் வாங்கி, வேலை தேடி, வயது வரம்பைத் தொடும் காலம் அது.

இந்த இரண்டு போராட்டங்களிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. தீபாவளி ராக்கெட் மாதிரி சட்டென்று உயர்ந்தன, வெடித்தன, மறைந்தன. 'எங்களுக்குத் தலைவரே இல்லை' என்பதுதான் மெரினாவின் பெருமையாகச் சொல்லப்பட்டது. ஆனால், தலைவர் இல்லாத கூட்டத்துக்கு, எதை ஏற்கலாம், எப்போது எழுந்து போகலாம் என்று எல்லோர் சார்பிலும் முடிவெடுக்க யாரும் இல்லை. கடைசி நாளில் மெரினாவில் நடந்த குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். கூட்டம் கலைந்த பிறகு, வழக்கு வாங்கியவனுக்காகக் கேட்க ஓர் அமைப்பும் இல்லை.

இதற்கு மாறாக, சத்தமில்லாமல் ஜெயித்த போராட்டங்களும் உண்டு. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில், அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்குவதை எதிர்த்து மாணவர்கள் 2020 டிசம்பரில் போராடத் தொடங்கினார்கள். விடுதியை மூடியபோதும் நகரவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது, கட்டணம் குறைந்தது. 2023-ல் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் புகார்களுக்காக வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள். கல்லூரிக்கு விடுமுறை விட்டும் கலையவில்லை. மாநில மகளிர் ஆணையம் வந்தது, உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். இந்த இரண்டு இடங்களிலும் மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கியிருந்தார்கள், ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள், என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்கள்.

சின்ன விஷயம் என்று எதுவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரியில் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தியதில் தொடங்கியது ஒரு போராட்டம். 1974 பிப்ரவரியில் குஜராத் முதல்வர் சிமன்பாய் படேல் ராஜினாமா செய்தார். 2024-ல் வங்கதேச மாணவர்கள் அரசு வேலை ஒதுக்கீட்டுக்காகத்தான் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 5-ம் தேதி பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே வெளியேறினார். பேச இடம் கொடுக்காத ஊரில் சின்னக் கோபமும் பெரிதாகத்தான் வெடிக்கும்.

அடிதடிக்கு என்ன பதில்?

'தேர்தல் வைத்தால் அடிதடிதான் நடக்கும்' என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2008 நவம்பர் 12-ம் தேதி சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்களே மாணவர்களை அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கும். கட்சிகள் கல்லூரிக்குள் நுழைந்தால் சாதியும் பணமும் கூடவே நுழையும் என்ற பயம் நியாயமானது.

ஆனால், தேர்தலை நிறுத்தியதால் அடிதடி நின்றதா? சென்னையில் பேரவைத் தலைவர் இருந்த இடத்தில் 'ரூட்டு தல' வந்தார். பஸ் டே, பட்டாக்கத்தி என்று செய்திகள் வந்தன. மாணவர்கள் கூட்டம் சேர்வதை யாராலும் தடுக்க முடியாது. விதிமுறையோடு சேர்வதா, விதிமுறை இல்லாமல் சேர்வதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அந்த விதிமுறையும் தயாராகவே இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு கொடுத்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. கல்லூரிகளில் தேர்தல் நடத்த வேண்டும். இளநிலை மாணவர் என்றால் வயது 17 முதல் 22 வரை. வருகைப்பதிவு 75 சதவிகிதம் இருக்க வேண்டும். வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சிட்ட போஸ்டர் கூடாது. கட்சிப் பணம் கூடாது. சூழல் சரியில்லாத கல்லூரிகள் தற்காலிகமாக நியமன முறையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றும் குழு சொன்னது. அந்த ஐந்து ஆண்டுகள் 2011-லேயே முடிந்துவிட்டன. நம் கல்லூரிகள் பலவற்றில் தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. நல்ல மார்க் எடுப்பவரையோ, ஆசிரியருக்குப் பிடித்தவரையோ நியமித்துவிட்டால் வேலை முடிந்தது.

கையெழுத்துப் போட்டு வாங்குபவர்கள்

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் மாணவர்கள் தெருவில் நின்று கேட்ட பலவற்றை இன்று அரசு திட்டமாகத் தருகிறது. இலவச பஸ் பாஸ், முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள். இவையெல்லாம் படிப்பை நிறுத்தவிருந்த பிள்ளைகளைக் கல்லூரியில் நிறுத்திவைப்பவை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், கேட்டு வாங்குபவரும் கையெழுத்துப் போட்டு வாங்குபவரும் ஒன்றல்ல. பணம் வராவிட்டால் யாரிடம் கேட்பது? ஆய்வகத்தில் உபகரணம் இல்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை, கௌரவ விரிவுரையாளர் பாதியில் போய்விட்டார், பஸ் நிற்காமல் போகிறது என்றால் யார் போய் நிற்பது? 'பயனாளி' என்ற பட்டியலில் பெயர் இருக்கிறது. கேள்வி கேட்கும் பட்டியலில் யார் பெயரும் இல்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு இறங்கும் மாணவியின் நஷ்டம் இதுதான்.

எங்கே தொடங்கலாம்?

புரட்சியெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஓர் ஓட்டிலிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் ஆண்டு விதிமுறைப்படி, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க்குழு எல்லாக் கல்லூரிகளிலும் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அதில் மாணவர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது விதி. நியமனம் அல்ல, தேர்தல்!

இதற்குக் கொடி வேண்டாம், கட்சி வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். வழக்கு வரும் என்ற பயமும் வேண்டாம். ஒரு வகுப்பறை, ஒரு பெட்டி, கொஞ்சம் துண்டுச்சீட்டு போதும். இதை நடத்திப் பழகிய கல்லூரிக்கு விடுதிக்குழுத் தேர்தல் பெரிய விஷயமாக இருக்காது. பேரவைத் தேர்தலும் அடுத்த படிதான்.

பெற்றோர்களே, இன்று இரவு சாப்பிடும்போது அரியர் எத்தனை என்று கேட்பதோடு இதையும் கேட்டுப் பாருங்கள். 'உங்க காலேஜ் புகார்க்குழுவுல மாணவர் பிரதிநிதி யாரு? யார் தேர்ந்தெடுத்தாங்க?' பதில் தெரியவில்லை என்றால், நாளைக்குக் கல்லூரியில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மாணவர் அரசியல் அந்த ஒரு கேள்வியில் தொடங்கட்டும்.